கொப்பி அண்ணை முகாம் பார்க்கப் போன நாள்

பாரிஸ் நகரம் ஒரு நாள் முழுதாக எரிந்து சாம்பலாகிப் போனாலும், லா ஷப்பெல் தமிழர்களை மட்டும் ஒருவர் குறையாமல் மறுபடி உண்டாக்கிவிடலாம். கொப்பி அண்ணையின் பை தப்பினால் போதும். கறுப்புத் தோல்பை. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு பூட்டின் சாவி தொலைந்து பல வருடங்கள் ஆகின்றன. ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்த மனிதர், அந்தச் சாவிக்கு மட்டும் எடுக்க மறந்துவிட்டார்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு கதவு, இரண்டு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு முக்காலி, இவ்வளவுதான் அவர் கடை. அதனால் அவர் போட்டோக்கொப்பி அண்ணை. அவசரக்காரர்களுக்குக் கொப்பி அண்ணை. லா ஷப்பெல்லில் எல்லாரும் அவசரக்காரர்கள்தான்.

நான் பாண்டிச்சேரிக்காரன். என் அப்பா அங்கே போட்ட ஒரு கையெழுத்தின் புண்ணியத்தில் நடக்கப் பழகும் முன்பே பிரெஞ்சுக்காரன் ஆகிவிட்டவன். வேலையும் அரசு வேலை. சென் தெனிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் நிற்பவர்களிடம் "இந்தப் பேப்பர் எங்கே, அந்தப் பேப்பர் எங்கே" என்று கேட்பது. நான் பேப்பர் கேட்கும் கட்சி, அவர் பேப்பர் கொடுக்கும் கட்சி. அவர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நான் குடிவந்தது விதி.

குடிவந்த வாரமே மின்சார பில்லை நகலெடுக்கக் கீழே இறங்கினேன். ஒரு தாளைக் கொடுத்தேன். மூன்றாக வந்தது.

"அண்ணே, நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"தம்பி, ஒண்டு குடுக்க, ஒண்டு வைக்க. மற்றது என்னட்டைக் கிடக்கட்டும்."

"உங்ககிட்ட எதுக்கு அண்ணே? அது என் வீட்டு பில்லு."

"நீர் அதைத் துலைப்பீர்."

என் முகத்தைப் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகாத மனிதர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அடுத்தவர் பத்திரங்களை வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்று என் அலுவலகக் குரலில் எடுத்துச் சொன்னேன். அவர் மெஷின் மூடியைத் துடைத்துக்கொண்டே, "சட்டம் துலைஞ்சால் ஆர் தேடுறது தம்பி? அதுக்கும் ஒரு கொப்பி வேணும்" என்றார். மூன்றாவது தாள் பைக்குள் போய்விட்டது.

அந்த மூன்றாவது தாளுக்கு ஆசைப்பட்டுத்தான் பாதித் தெரு அவரிடம் வந்தது என்பது பிறகு புரிந்தது. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர் மெத்ரோவில் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வருவார். கொப்பி அண்ணை பதறமாட்டார். பையைத் திறப்பார். விசா, வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் வரிசையாக வெளியே வரும். "இந்தாரும், உம்மை எடுத்துக்கொண்டு போம்" என்பார். வந்தவர் தன்னைத் தானே கையில் வாங்கிக்கொண்டு போவார்.

நல்லதுதான். ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லையே. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்தில் மற்றவர்கள் உறையை நீட்டினால், இவர் பதிவுத் திருமணச் சான்றிதழின் மூன்று நகல்களைப் பிளாஸ்டிக் உறை போட்டு நீட்டுவார். "இண்டைக்குச் சந்தோசமாய்த்தான் இருப்பியள். நாளைக்கு ஒபிசிலை கேப்பாங்கள்." கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. குடும்ப அட்டையின் நகலைத் தட்டிலே வைத்துவிடுவார். ஐயர் ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், "ஏன் அண்ணை, கடவுளுக்குத் தெரியாதோ?" என்று கேட்டார். "தெரியும் ஐயா. ஆனால் எத்தினை பேர் அவரிட்டை வருகினம். ஆள் மாறிப்போகக் கூடாதெல்லோ."

நான் இதையெல்லாம் பாண்டிச்சேரி நண்பர்களிடம் நடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். என் கொட்டம் அடங்கியது ஓய்வு பெற்ற வருடம். முப்பது வருடம் மற்றவர்களிடம் பேப்பர் கேட்ட என்னுடைய ஓய்வூதியக் கோப்பை யாரோ எங்கேயோ தொலைத்துவிட்டார்கள். நான் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். வீட்டில் தேடினேன். தெரேஸ், அதாவது என் மனைவி, பழைய பேப்பரையெல்லாம் போன பொங்கலுக்கே தூக்கிப் போட்டிருந்தாள். வெட்கத்தை விட்டுக் கீழே இறங்கினேன். கொப்பி அண்ணை பையைத் திறந்தார். நான் அவ்வப்போது நகலெடுக்கக் கொடுத்த பத்தொன்பது வருடச் சம்பளச் சீட்டுகளை எடுத்து முக்காலியில் வைத்தார். அடியில் அந்த முதல் மின்சார பில். "நீர் துலைப்பீர் எண்டு அண்டைக்கே சொன்னனான்" என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை.

இனி அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலானி. இங்கே பிறந்தவள். அப்பா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லி, அப்பா முறைத்தால் அதையே தமிழில் திருப்பிச் சொல்கிற பெண். சரித்திரம் படித்தாள். பட்டம் வாங்கிய அன்று கொப்பி அண்ணை அதை மூன்றாக எடுக்கவில்லை, முப்பதாக எடுத்தார். கடைக்குத் தாள் கட்டு இறக்க வந்தவர்களுக்குக்கூட ஒன்று கொடுத்தார். பிறகு அவளுக்கு வார இறுதி வேலை ஒன்று கிடைத்தது. நகரத்துக்கு வடக்கே காட்டோரத்தில், நூறு வருடத்துக்கு முன்னால் யுத்தத்துக்குப் போகும் சிப்பாய்கள் தங்கியிருந்த பழைய ராணுவ முகாம் ஒன்றைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். கூடாரங்கள், மரக் குடிசைகள், வைக்கோல் படுக்கை, பெரிய பெரிய சமையல் அண்டாக்கள் எல்லாம் அப்படியே. குடும்பம் குடும்பமாகச் சனம் வரும். அவர்களைச் சுற்றிக் காட்டி, அங்கே இருந்த சிப்பாய்களின் கதையைச் சொல்வதுதான் நிலானியின் வேலை.

இரண்டு வருடமாக அவள் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வாறன் பிள்ளை, மெசின் பழுது", "வாறன் பிள்ளை, கால் நோ" என்று அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் கார் து நோர் ரயில் நிலையத்துக்குள்ளேயே போகமாட்டார் என்பதை நாங்கள் எல்லோரும் ஒரு வேடிக்கையாக வைத்திருந்தோம். அங்கே துப்பாக்கியோடு சிப்பாய்கள் நாலு பேராக ரோந்து போவார்கள். அவர்களைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவார். பத்து நிமிட ரயிலுக்குப் பதிலாக ஒரு மணி நேரம் பஸ்ஸில் போவார். "பஸ்ஸிலை வடிவாய்ப் புதினம் பாக்கலாம்" என்பார். நாங்களும் நம்பினோம்.

போன வசந்த காலத்தில் நிலானிக்கு லியோனில் நிரந்தர வேலை கிடைத்தது. பூங்காவில் அவள் கடைசியாகச் சுற்றிக் காட்டப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்தார்கள். அவள் மாடி ஏறி வந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, இது லாஸ்ட் டைம். நான் கதைக்கிறதை அப்பா ஒருக்காலும் கேட்டதில்லை. மூன்று மணிக்கு என்ர விசிட். அவரை எப்படியாவது உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ப்ரொமி?"

சத்தியம் செய்தேன். சும்மா ஒரு கிழவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்குகிற வேலை என்று நினைத்துச் செய்த சத்தியம்.

ஆச்சரியம், கொப்பி அண்ணை வருகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேரும் அடையாள அட்டையின் நகல் தர வேண்டும். "ஆமியின்ரை இடம். பேப்பர் இல்லாமல் ஏலாது." பிக்னிக்குக்கு எதற்குப் பேப்பர் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்காததை நான் கவனித்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு பேரின் நகலும் பைக்குள் போனது. பஸ் ஓட்ட வந்தவருடைய லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆள் ஒரு வேலை நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி பயந்துபோய்க் கொடுத்தார்.

புறநகர் எபினேயில் கடைசிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. பாட்டு, கைதட்டு, கட்லெட், ரோல்ஸ், பின்சீட்டில் யாரோ ஒரு பிள்ளை வாந்தி. எல்லாத் தமிழ்ப் பயணங்களையும் மாதிரித்தான். கொப்பி அண்ணை ஜன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தேவி அக்கா நீட்டிய ரோலைக் கையில் வாங்கியவர், போய்ச் சேரும்வரை அதைக் கடிக்கவே இல்லை.

பூங்காவில் ஒரு வழக்கம் இருக்கிறது. டிக்கெட் ஜன்னலில் உங்களுக்கு ஒரு பழைய காலத்து அட்டை தருவார்கள். சிப்பாய்களுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு, பாஸ் மாதிரி. அதில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். வாசலில் காவல்காரன் வேடம் போட்ட ஒருவர் அதை வாங்கிப் பார்த்துச் சிவப்பு மையில் உள்ளே வந்ததற்கான முத்திரை குத்துவார். திரும்பிப் போகும்போது நீல மையில் 'சோர்த்தி' என்று, வெளியேறியதற்கான முத்திரை. பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டில் கொள்ளை ஆசை.

இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெரேஸும் தேவி அக்காவும் அட்டைகள் வாங்க ஜன்னலுக்குப் போனார்கள். நிலானி உள்ளே வேறொரு குழுவோடு இருந்தாள். மற்றவர்களான நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தோம். மண்மூட்டை அடுக்கு, முள்ளுக்கம்பி, குறுக்கே ஒரு தடுப்பு மரம், பக்கத்தில் காவல் கூண்டு. கூண்டிலிருந்து நீல நீளக் கோட்டும் மரத்துப்பாக்கியுமாக ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் வெளியே குதித்தார். தன் வேடத்தை ரசித்துச் செய்கிற மனிதர். வயிற்றிலிருந்து குரல் எடுத்தார்.

"அல்த்! வோ பப்பியே!"

நில், பேப்பரைக் காட்டு. அவ்வளவுதான். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் மேலே தூக்கினேன். என் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே வரிசை உண்டாகிவிட்டிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கைப்பைகள் தரையில் இறங்கி வாய் திறந்து கிடந்தன. தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒருவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினார். லா ஷப்பெல்லில் மூன்று கடை வைத்திருக்கும் முதலாளி அவர். அநேகர் கையில் அடையாள அட்டை. நெஞ்சுக்கு நேரே, எழுத்து வெளியே தெரியும்படி. பிள்ளைகள் மட்டும் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். "பப்பா, செ புர் ரீர்!" விளையாட்டுக்குத்தான் அப்பா என்று. ஒரு தாய் மகளின் வாயைக் கையால் பொத்தி, "சத்தம் போடாதை பிள்ளை" என்றாள். மகள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தாய் சிரிக்கவில்லை.

கொப்பி அண்ணை பையைத் திறந்தார். வரிசையின் ஓரமாகக் குனிந்தபடி நடந்தார். அட்டையை மறந்து வந்தவர்கள் கையில் அவரவர் நகலை வைத்தார். "பதறாதையுங்கோ. இருக்கு. எல்லாருக்கும் இருக்கு." அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. என் கை இன்னும் மேலேயே இருந்தது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு அவமானமாக நான் எந்த இடத்திலும் நின்றதில்லை.

காவல் வேடக்காரர் முதலில் இவர்களும் நடிக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு முதலில் நின்றவரின் விரல்கள் நடுங்குவதைப் பார்த்தார். "பர்தோன்... பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே துப்பாக்கியைக் கூண்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். கோட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு சாதாரணச் சாம்பல் ஸ்வெட்டர். குளிர்காற்று அடித்த அந்த நாள் முழுக்க அவர் அந்தக் கோட்டைத் திரும்பப் போடவே இல்லை.

சனம் மெல்லச் சிரிக்கத் தொடங்கியது. "சீ, நாங்கள் என்ன விசர் வேலை பாத்தனாங்கள்" என்று ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். தெரேஸ் அட்டைகளோடு வந்தாள். ஒவ்வொருவராகச் சிவப்பு முத்திரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கொப்பி அண்ணை எல்லோரையும் எண்ணி அனுப்பினார். ஐம்பத்தொன்று. தன்னுடைய அட்டையை வாங்கிப் பெயர் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திரும்பி பஸ்ஸை நோக்கி நடந்தார்.

மணி இரண்டே கால். தெரேஸ் என்னைப் பார்த்தாள். "என்னங்க நிக்கிறீங்க? அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்தீங்கல்ல? போய்க் கூட்டியாங்க."

அவர் பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தேன். நாடகம் அண்ணே, மரத்துப்பாக்கி அண்ணே, டிக்கெட் விற்கிற இடம் அண்ணே என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, எங்கடை ஊர்ச் சந்தியிலையும் ஒரு ஆமிக் காம்ப் இருந்தது. நானும் என்ரை அண்ணையும் ஒரு சைக்கிளிலை வந்தனாங்கள். மறிச்சாங்கள். ரெண்டு பேரின்ரை ஐசியையும், அதுதான் அடையாள அட்டை, வாங்கிப் பாத்தாங்கள். என்ரையைத் திருப்பித் தந்தாங்கள். அண்ணையை உள்ளை வந்து ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போ எண்டாங்கள். அண்ணை என்னட்டைச் சொன்னவர், 'சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நில்லு, அஞ்சு நிமிசத்திலை வாறன்' எண்டு."

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்த வாக்கில் இருந்தன.

"ஊரடங்கு போடும் மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அடுத்த நாள் அம்மா போய்க் கேட்டா. அப்பிடி ஒருத்தர் உள்ளை வரேல்லை எண்டாங்கள். பேந்து எத்தினை ஒபிசு ஏறி இறங்கினம். எல்லா இடத்திலையும் ஒரே கேள்வி. ஐசி நம்பர் என்ன? ஐசி அண்ணையின்ரை பொக்கற்றிலை. கொப்பி இருக்கோ? இல்லை. கொப்பி எடுத்து வைக்கோணும் எண்டு அப்ப ஆருக்குத் தெரியும்? அப்ப பதிய ஏலாது எண்டிட்டாங்கள்." பையின் மேல் கையை வைத்தார். "ஒரேயொரு கொப்பி தம்பி. இருந்திருந்தால், இப்பிடி ஒரு ஆள் இருந்தவர் எண்டாவது எழுதியிருப்பாங்கள்."

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, "நகல் இல்லையா, நாளைக்கு வாருங்கள்" என்று நான் எத்தனை முகங்களிடம் சொல்லியிருப்பேன்! அந்த முகங்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகம் வரவில்லை. அதற்காகத்தான் எனக்கு அழுகை வந்தது.

"நிலானிக்குத் தெரியுமா அண்ணே?"

"பெரியப்பா காணாமல் போயிட்டார் எண்டு தெரியும். நான்தான் சைக்கிள் பிடிச்சனான் எண்டு தெரியாது. அவள் சந்தோசமாய்ப் படிச்ச பிள்ளை. அவளின்ரை இடத்தை நான் ஏன் பழுதாக்குவான்? நீர் போம். நான் இஞ்சை இருக்கிறன். எனக்குக் காத்து நல்லாய்க் கிடக்கு."

நான் உள்ளே ஓடினேன். கூடார வரிசைக்குப் பக்கத்தில் நிலானி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் போத்தலை மூடினாள். நேரே வாசலுக்குப் போய் ஸ்வெட்டர் போட்ட பெரியவரிடம் ஏதோ சொல்லி, நீல மைப் பெட்டியையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அந்தப் பெரியவரும் பின்னாலேயே வந்தார்.

"அப்பா, உங்கட பாஸைத் தாங்கோ."

"நான் வரேல்லை பிள்ளை. நீ போய்ச் செய்."

"வர வேண்டாம். பாஸை மட்டும் தாங்கோ."

கேட்டால் பேப்பரைக் கொடுத்துவிடுவது அவருடைய பழக்கம். கொடுத்தார். அவள் அதைப் பஸ் படியில் வைத்து ஓங்கி நீல முத்திரையைக் குத்தினாள். சோர்த்தி.

கொப்பி அண்ணை பதறிவிட்டார். "என்ன பிள்ளை நீ! உள்ளுக்கே போகேல்லை, வெளியிலை வந்திட்டன் எண்டு குத்திறாய். பிழையெல்லோ! ஒரு ஒழுங்கு இருக்கெல்லோ!"

"பிழையில்லை அப்பா. நீங்கள் வெளியிலை வந்திட்டீங்கள் எண்டு முதலே எழுதியாச்சு. இனி உள்ளுக்குப் போனாலும் ஒருத்தராலயும் உங்களை வைச்சிருக்க ஏலாது."

வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கான பேப்பர்களைப் பார்த்த மனிதர் அந்த ஓர் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மை காய்ந்திருக்கும். பிறகு கேட்டார்.

"உன்னட்டை இன்னொரு பாஸ் கிடக்கோ?"

அவள் கொடுத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முழங்காலில் பையை வைத்து, அதன்மேல் அட்டையை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அண்ணனின் பெயரை எழுதினார். மகளிடம் நீட்டினார். இந்தத் தடவை அவள் ஓங்கவில்லை. மெல்ல, நேராகக் குத்தினாள்.

அதற்குப் பிறகாவது எழுந்தாரா என்றால், இல்லை. அந்தப் பிரெஞ்சுப் பெரியவரைப் பார்த்து, "உங்கடை ஒபிசிலை போட்டோக்கொப்பி மெசின் இருக்கோ எண்டு கேள் பிள்ளை" என்றார். கோட்டில்லாத அந்த மனிதர் குளிரில் டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினார். இரண்டு அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரே தாளில் எடுத்து, மூன்று பிரதிகள் கொண்டுவந்தார். மூன்று என்று அவரிடம் யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிலானிதான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கொப்பி அண்ணை வாசலுக்கு வந்தார். தடுப்பு மரம் தூக்கித்தான் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் நின்றார். அட்டையை நீட்டினார். அந்தப் பெரியவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பி, நிதானமாக வாசித்தார்.

"து தே தான் ரேக்ல், முசியே." எல்லாம் ஒழுங்காக இருக்கிறது ஐயா.

கொப்பி அண்ணை தலையை ஆட்டினார். உள்ளே போனார். மகள் பிரெஞ்சில் சொன்ன முகாம் கதையை முன்வரிசையில் நின்று, பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, கடைசிவரை கேட்டார். இங்கே படுத்திருந்த ஒவ்வொரு சிப்பாயின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது, திரும்பி வராதவர்களின் பெயரும் இருக்கிறது என்று அவள் சொன்னபோது அவர் மட்டும் உரக்க, "நல்ல வேலை செய்திருக்கிறாங்கள்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலானிக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோய்விட்டது.

இப்போது ரூ பிலிப்-து-ஜிராரில் அந்தக் கடை இல்லை. அந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். கொப்பி அண்ணையும் தேவி அக்காவும் எபினேயில் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை எனக்குத் தொலைபேசி வரும். சுகம் விசாரிக்கமாட்டார். "தம்பி, உம்மடை பாஸ்போட் எப்ப முடியுது?" என்பார். லியோனுக்கு மகளைப் பார்க்கப் போகும்போது ரயிலில்தான் போகிறார். கார் து நோரைத் தாண்டும்போது சிப்பாய்களைக் கண்டால் சட்டைப் பையைத் தொட்டுக்கொள்வார், ஆனால் எதிர்ப் பக்கம் போவதில்லை என்று தேவி அக்கா சொன்னாள்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த மூன்று தாள்களில் ஒன்றை மகளிடம் கொடுத்திருந்தார், ஒன்றைப் பையில் வைத்திருந்தார். மூன்றாவதை நாலாக மடித்து என் கையில் வைத்து, "இது உம்மட்டைக் கிடக்கட்டும்" என்றார்.

"அண்ணே, நான் தொலைச்சிடுவேன்னு சொல்வீங்களே?"

"இதைத் துலைக்கமாட்டீர்."

அதில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அண்ணனுடையது, தம்பியுடையது. இரண்டின்மேலும் நீல முத்திரை, நகலில் கறுப்பாக விழுந்திருக்கிறது. பேப்பர் கேட்டே காலம் தள்ளிய நான், யார் கேட்டாலும் காட்டாமல் வைத்திருக்கிற பேப்பர் அது ஒன்றுதான். வீட்டை விட்டு இறங்கும்போது சாவியைத் தேடுவதற்கு முன்னால் சட்டைப் பையில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.